பால்குடம் எடுத்த பௌத்தன்

கிரேசன் அண்ட் பெல்லமி கம்பெனியில் கடவுளுக்கு ஆண்டுக்கு இரண்டே நாள்தான் ஒதுக்கியிருந்தார்கள். அது ஒரு கப்பல் ஏஜென்சி. கப்பலுக்குப் பண்டிகை கிடையாது என்பது அவர்கள் கொள்கை. ஆகவே சிங்கப்பூரின் காலியர் கீ துறைமுகச் சாலையில் கடலைப் பார்த்து நின்ற அந்த அலுவலகம் எந்தப் பண்டிகைக்கும் கதவைச் சாத்தியதில்லை. ஊழியர் ரிஜிஸ்தரில் பெயர், வயது, சேர்ந்த தேதி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் 'மதம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி ஆளுக்கு இரண்டு நாள் விடுப்பு. முஸ்லிம் என்றால் இரண்டு பெருநாள். கிறிஸ்தவர் என்றால் கிறிஸ்துமஸும் பெரிய வெள்ளியும். சீன ஊழியர்களுக்கு அந்தக் கட்டத்தில் 'சீனர்' என்றே எழுதிப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் கொடுத்திருந்தார்கள். சீனர் என்பது ஒரு மதமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அந்த இரண்டு நாளும் போய்விடும் என்று சீனர்களும் சும்மா இருந்தார்கள். இந்து என்றால் தீபாவளி, தைப்பூசம். முப்பத்து முக்கோடி தேவர்களும் அந்த இரண்டு நாளைத் தங்களுக்குள் பேசிப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மருதப்பன் அங்கே சரக்குச் சீட்டு எழுதும் கிராணி, அதாவது குமாஸ்தா. வயது முப்பத்தொன்று. அவனுடைய அப்பா தஞ்சோங் பகார் துறையில் முதுகு வளைய மூட்டை தூக்கியவர். மகன் அதே மூட்டைகளைத் தாளில் தூக்கி வைத்தான். முதுகு அவனுக்கும் வளைந்துதான் இருந்தது. ஆனால் சட்டைக்குள் இருந்ததால் அதற்குப் பெயர் உத்தியோகம்.

ஐம்பத்து மூன்றாம் ஆண்டு வைகாசி. இளம் ராணிக்கு லண்டனில் முடிசூட்ட இன்னும் சில நாள்களே இருந்தன என்பதால் கம்பெனிக் கட்டடத்தின் நெற்றியில் மின்விளக்கு மாலை தொங்கவிட்டிருந்தார்கள். மருதப்பனுக்கு ராணியைப் பற்றிய கவலை இல்லை. அவன் கவலையெல்லாம் வைகாசி விசாகம் வியாழக்கிழமையில் வந்து விழுந்ததைப் பற்றித்தான்.

அவன் மனைவி மங்களத்துக்கு இதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. இது மூன்றாவது. மூன்றாம் மாதத்திலேயே அவள் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்தெருவிலிருந்த முருகன் கோவிலுக்குப் போய், "இது தங்கினா விசாகத்தன்னிக்கு என் வீட்டுக்காரர் உனக்குப் பால்குடம் எடுப்பார்" என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். வேண்டிக்கொண்டவள் அவள், தூக்க வேண்டியவன் இவன். ஆனால் இதைச் சொல்லிக்காட்டும் தைரியம் அவனுக்கு இல்லை. இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். குழந்தை உள்ளே உதைக்கும்போதெல்லாம் அவள் நாள்காட்டியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

விடுப்புக் கேட்டு மருதப்பன் பெரிய கிராணி சேதுபதியின் மேசை முன் போய் நின்றான். சேதுபதி நெற்றி நிறையத் திருநீறு பூசி, அதன்மேல் மூக்குக் கண்ணாடியை ஏற்றி வைத்திருப்பவர். அலுவலகத்தில் பெரிய கிராணி. மங்களம் வேண்டிக்கொண்ட அதே கோவிலில் பால்குடக் கமிட்டித் தலைவர். இங்கே கையெழுத்து, அங்கே மாலை. இரண்டு இடத்திலும் அவரைத் தாண்டித்தான் எவரும் உள்ளே போக முடியும்.

"ஐயா, தீபாவளிக்கு நான் வேலைக்கு வந்துடறேன். அந்த நாளை இந்த வியாழக்கிழமைக்கு மாத்திக் குடுங்க."

"மாத்துறதா? இது என்ன கடையில வாங்குன சட்டையா? இந்துவுக்குத் தீபாவளி, தைப்பூசம். அவ்வளவுதான்."

"விசாகமும் நம்ம பண்டிகைதானேங்க. நீங்களே கமிட்டித் தலைவரு."

"கோவில்ல அது பண்டிகை. ரிஜிஸ்தர்ல அது வியாழக்கிழமை." சேதுபதி கண்ணாடியை இறக்கினார். "இன்னொண்ணும் சொல்லி வைக்கிறேன். அன்னிக்கு வயித்து வலி, தலைவலின்னு எவனாவது சீட்டு அனுப்பினா நானே கிழிச்சுப் போடுவேன். பக்தின்னு சொல்லிக்கிட்டு பொய் சொல்றவனை எனக்குப் பிடிக்காது."

மருதப்பன் திரும்பி வந்து உட்கார்ந்தான். அவனுடைய மேசைக்கு எதிர்மேசை நாகூர் கனியுடையது. கப்பல்கள் வந்துபோகும் நேரம் எழுதும் கிராணி அவர்; நாற்பது வயது, வெள்ளைத் தொப்பி, யாரையும் எதற்கும் விட்டுவைக்காத வாய்.

"என்ன மருதப்பா, முருகன் லீவு குடுத்தாரு, சேதுபதி குடுக்கலையா?"

"சிரிக்காதீங்க பாய். மங்களத்துக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல."

"பொறு லா. நம்ம கம்பெனியில நியாயம் கிடைக்காது, ஆனா குளறுபடி கட்டாயம் கிடைக்கும்."

குளறுபடி மறுநாள் காலையிலேயே சுற்றறிக்கையாக வந்து சேர்ந்தது. மேனேஜர் பெல்லமி துரையின் மனைவி, அதாவது துரைசானி, சில மாதங்களாகப் பௌத்தம் படித்துவந்தாள். மாலைத் தேநீருக்கு வருகிறவர்களிடம் அவள் பிறவித் துன்பம் பற்றிப் பேசப்போக, வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். துரைக்கு அதுவும் ஒரு நன்மை. புத்தர் பிறந்த நாளான வைசாகத்துக்கு அரசாங்க விடுமுறை இன்னும் வந்திராத காலம் அது. 'புத்தர் பிறந்த நாளில் பௌத்தர்களை வேலை வாங்குகிறீர்களே' என்று அவள் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது கேட்டிருக்கிறாள். சுற்றறிக்கை பிறந்துவிட்டது: ரிஜிஸ்தரில் பௌத்தர் என்றிருப்பவர்களுக்கு வைசாகத்தன்று சம்பளத்தோடு முழுநாள் விடுப்பு; மதக் கட்டத்தில் திருத்தம் வேண்டுவோர் வெள்ளிக்கிழமைக்குள் செய்துகொள்ளலாம்.

சீன கிராணிகள் வரிசையில் நின்று திருத்திக்கொண்டார்கள். நாகூர் கனி சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தார். பிறகு மருதப்பனைப் பார்த்தார்.

"வைசாகம் என்னிக்கி?"

"வியாழக்கிழமை."

"உங்க விசாகம்?"

"வியாழக்கிழமை."

"நிலா ஒண்ணுதானே மருதப்பா. அதுக்குக் கீழ நின்னு நீ யாரைக் கும்பிட்டா வெள்ளைக்காரனுக்கு என்ன?"

வெள்ளிக்கிழமை மாலை, சேதுபதி கோவில் கமிட்டிக் கூட்டத்துக்காகச் சீக்கிரமே கிளம்பிப் போன பிறகு, மருதப்பன் ரிஜிஸ்தரைத் திறந்தான். 'இந்து' என்ற சொல்லின் மேல் அடிக்கோலை வைத்து நேராக ஒரு கோடு போட்டான். பக்கத்தில் 'பௌத்தர்' என்று எழுதி, சுருக்கொப்பம் இட்டான். எத்தனையோ தலைமுறை கட்டிக் காத்த சமயம் இரண்டு அங்குல நீளத்தில் முடிந்துபோனது. மை காய்வதற்கு எடுத்துக்கொண்ட நேரம்கூட அவன் மனசாட்சி எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை பெல்லமி துரை அவனைக் கூப்பிட்டனுப்பினார். மருதப்பன் திட்டு வாங்கத் தயாராக உள்ளே போனான். துரையோ எழுந்து நின்று கை கொடுத்தார். ஏழு வருஷ உத்தியோகத்தில் அவன் தொட்டறியாத கை.

"என் மனைவிக்கு உன்னைப் பற்றிச் சொன்னேன். புத்தர் பிறந்த நாட்டிலேயே பௌத்தர்கள் அருகிவிட்டார்கள் என்று அவள் வருந்திக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒருவர் என் அலுவலகத்திலேயே இருக்கிறார்! ஆனால் போன வருஷம் நீ தீபாவளி விடுப்பு எடுத்திருக்கிறாயே?"

"அப்போது இந்துவாக இருந்தேன் சார்."

"எப்போது மாறினாய்?"

"நேற்று மாலை சார்."

துரை சற்று யோசித்தார். "காரணம்?"

மருதப்பனுக்குப் பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் வந்த ஒரே ஒரு சங்கதிதான் ஞாபகம் வந்தது. "துன்பம் சார்."

துரையின் முகம் கனிந்தது. அந்த ஒரு சொல்லை அவர் உடனே தொலைபேசியில் துரைசானிக்குச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ நீளமாகச் சொன்னார்கள். துரை தலையாட்டிக் கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார். வியாழன் காலை ஒன்பது மணிக்குத் தம்பதியர் விகாரைக்கு வருவார்கள். மருதப்பன் கூடவே இருந்து எல்லாவற்றையும் விளக்க வேண்டும். அதற்கு முன், புதன்கிழமைக்குள், இந்து மதத்துக்கும் பௌத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று ஒரே பக்கத்தில், இரண்டு பத்தியாகக் கோடு பிரித்து, டைப் செய்து கொடுக்க வேண்டும்.

"சேதுபதியிடமும் கேட்டேன்" என்றார் துரை. "புத்தர் உங்கள் விஷ்ணுவின் ஒன்பதாவது அவதாரம், ஆகவே வித்தியாசமே இல்லை என்கிறார். அப்படியானால் தனித் தனியாக விடுப்பு எதற்கு என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது."

அந்த வித்தியாசமே இல்லாத மதத்துக்கு மாறியதற்காகத்தான் சேதுபதி அன்று பகல் மருதப்பனைக் கோப்புகள் அடுக்கிய அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"துரோகி! லீவுக்காகவா மதத்த வித்த?"

"மாறவே இல்லைங்க ஐயா. ஒன்பதாவது அவதாரத்துக்குத்தானே போயிருக்கேன். நீங்கதான் துரைகிட்ட…"

"வாய மூடு! அது வெள்ளைக்காரன்கிட்ட நம்ம பெருமைய சொல்றதுக்கு. அதுக்காக நீ போயிடறதா? துறையில மூட்டை தூக்குன குடும்பத்துக்குச் சாமி எதுக்கு, சாதம் எதுக்குன்னு வித்தியாசம் தெரியுமா? கேட்டுக்க. பால்குட லிஸ்டுல இருந்து உன் பேர அடிச்சாச்சு. வாசல்ல நானே நிப்பேன். பௌத்தன் தூக்கின பால் ஒரு சொட்டு உள்ள போகாது."

மருதப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தான். விடுப்புக்காக மதத்தை விட்டான். மதத்தை விட்டதால் எதற்காக விடுப்போ அது போய்விட்டது. வியாழன் அன்று அவன் கையில் ஒரு முழு நாளும், வீட்டில் ஒரு குடம் பாலும் இருக்கும். கோவில் வாசலில் சேதுபதி இருப்பார்.

திங்கட்கிழமை மாலை அவன் விகாரைக்குப் போனான். ரேஸ் கோர்ஸ் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு பழைய பங்களா வீட்டில், இலங்கைப் பிக்கு ஒருவர் அதை நடத்திவந்தார். அவர் தரையில் உட்கார்ந்து மேசை விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி" என்று மருதப்பன் விழப் போனான்.

"நான் சாமி இல்ல. இங்க சாமியே இல்ல" என்றார் பிக்கு, கொழும்பில் கற்ற தமிழில். "அந்தத் திருப்புளிய எடுத்துத் தாங்க."

மருதப்பன் எடுத்துக் கொடுத்தான். ஒன்றரை மணி நேரம் திருகாணிகளை எடுத்துக் கொடுத்தபடியே பௌத்தம் கற்றான். கடவுள் இல்லை. ஆத்மா இல்லை. ஆனால் மறுபிறப்பு உண்டு.

"ஆத்மா இல்லேன்னா எதுங்க போய் மறுபடி பிறக்குது?"

"ஒரு விளக்கில இருந்து இன்னொரு விளக்கு ஏத்திறது மாதிரி. திரி வேற. நெருப்பு வேறயும் இல்ல, அதுவும் இல்ல."

மருதப்பன் அதைத் தன் தொழிலில் வைத்துப் பார்த்தான். அதாவது ஆள் இல்லை. மாற்றல் உத்தரவு மட்டும் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போகிறது. கம்பெனியில் இது அடிக்கடி நடப்பதுதான். உடனே புரிந்துவிட்டது.

கிளம்பும்போதுதான் பக்கத்து அறை கண்ணில் பட்டது. சிங்களப் பெண்கள் இருவர் ஒரு படத்தின் முன்னால் விளக்கேற்றிக் கண்மூடி நின்றார்கள். படத்தில் ஆறு முகம், வேல், மயில்.

"இது… முருகனாச்சே!"

"கதிர்காமத் தெய்யோ. சிங்களத்தில தெய்யோ எண்டா தெய்வம்" என்றார் பிக்கு. "புள்ள வேணும், புருஷன் குடிய விட வேணும், சோதனை பாஸாக வேணும் எண்டு புத்தரிட்டக் கேக்க ஏலாது. அவர் ஒண்டும் தரமாட்டார். ஆசைய விடு எண்டுதான் சொல்லுவார். அதால ஆக்கள் அவரக் கும்பிட்டிட்டு இவரிட்ட வந்து கேக்கிறது."

மருதப்பனுக்கு வானமே திறந்ததுபோல் இருந்தது. ஓட்டமாக வீட்டுக்குப் போய், விகாரையிலேயே முருகன் இருக்கிறார், பாலை அங்கேயே ஊற்றிவிடலாம், சேதுபதி முகத்தில் விழிக்கவே வேண்டாம் என்று மூச்சு வாங்கச் சொன்னான்.

மங்களம் முழுவதையும் கேட்டாள். "நான் அவர்கிட்டயா வேண்டிக்கிட்டேன்?"

"அவரும் இவரும் ஒருத்தர்தான் மங்களம்."

"உங்க ஆபீசுல ரங்கூன் போற மூட்டைய பினாங்குல இறக்கிட்டு, ரெண்டும் துறைமுகந்தானேன்னு சொல்வீங்களா?"

சரக்குச் சீட்டு எழுதுகிறவன் அப்படிச் சொல்லவே முடியாது.

"ரெண்டு புள்ளைய விட்டுட்டேன்" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "நீங்க பௌத்தரா இருங்க, பாதிரியா இருங்க. பால் மட்டும் நான் சொன்ன இடத்துக்குப் போகணும்."

புதன்கிழமை மருதப்பன் பக்கத்தை டைப் செய்து கொடுத்தான். தூக்கமில்லாத மனிதன் எழுதியதால் அது கொஞ்சம் உண்மையாகவே வந்துவிட்டது. 'கடவுள்: இந்துக்களுக்கு நிறைய. பௌத்தர்களுக்கு இல்லை, சிலைகள் மட்டும் நிறைய. ஆசை: துன்பத்துக்கு அதுவே காரணம் என்கிறது பௌத்தம். இந்துக்கள் அதைப் பெயர், நட்சத்திரத்தோடு பூசாரியிடம் சொல்லிவிடுகிறார்கள். மந்திரம்: இந்துப் பூசாரி சமஸ்கிருதத்தில் சொல்வதால் யாருக்கும் புரியாது. பிக்கு பாலி மொழியில் சொல்வதால் யாருக்கும் புரியாது. மோட்சம்: இந்துக்கள் போய்ச் சேரும் இடம். பௌத்தர்களுக்கு, போக வேண்டிய ஆளே இல்லை என்று தெரிந்துகொள்வது. சாதி: இந்து மதத்தில் உண்டு. பௌத்தத்தில் கிடையாது. சிங்கப்பூரிலும் கிடையாது என்று இங்குள்ள இந்துக்கள் சொல்கிறார்கள்; சொல்லிவிட்டு, உன் அப்பா எங்கே வேலை பார்த்தார் என்று கேட்கிறார்கள்.'

நாகூர் கனி அதைப் படித்துவிட்டு, "அந்தக் கடைசிக் கேள்விய எங்க ஆளுங்களும் கேப்பாங்க லா" என்றார். துரை படித்துவிட்டு, "நல்ல பிரிப்பு" என்று ஓரத்தில் எழுதினார்.

வியாழன் காலை. விகாரையில் சீனர்களும் சிங்களர்களும் தாமரை மொட்டுகளோடு நெருக்கியடித்து நின்றார்கள். ஊதுபத்திப் புகையில் துரை தும்மிக்கொண்டே இருந்தார். "பாவம், சேதுபதிக்கு இன்று வயிற்று வலியாம். காலையில் சீட்டு வந்தது" என்று தும்மலுக்கிடையே சொன்னார். துரைசானி கேட்ட அடுத்த மூன்று கேள்விகளும் மருதப்பன் காதில் ஏறவில்லை. கோவில் வாசலில் நிற்பேன் என்று சொன்ன மனிதருக்கு வயிற்று வலியா?

மணி பத்தேகால். பதினொரு மணியோடு பாலபிஷேகம் முடிந்துவிடும். அவன் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. வாசல் படியில் மங்களம் உட்கார்ந்திருந்தாள். அவனை நம்பி வீட்டில் இருக்க அவள் தயாராக இல்லை. மஞ்சள் சேலை, தலையில் பூ, எட்டு மாத வயிறு, மடியில் மஞ்சள் துணி கட்டிய பால்குடம்.

துரைசானி அவளைப் பார்த்துவிட்டாள். "யார் அவள்?"

"என் மனைவி மேடம்."

"குடத்தில்?"

"பால் மேடம்."

துரைசானி கணவனின் கையை இறுகப் பிடித்தாள். "சுஜாதை!" என்றாள். தவத்தால் நலிந்த புத்தருக்குப் பால்சோறு கொடுத்துக் காப்பாற்றிய பெண்ணின் கதையை அவள் போன வாரம்தான் படித்திருந்தாள். அந்தச் சுஜாதையும் பிள்ளை வரம் கேட்டுத்தான் ஒரு மரத்துக்குப் பால்சோறு நேர்ந்துகொண்டாளாம். "இந்தப் பால் எங்கே போகிறது? நாங்களும் பார்க்க வேண்டும்."

வர வேண்டாம் என்று சொன்னால் காரணம் சொல்லி முடிப்பதற்குள் அபிஷேகம் முடிந்துவிடும். வாருங்கள் என்று சொன்னால் பால் முருகனுக்கு என்று தெரிந்து வேலை போகும். மருதப்பன் மங்களத்தைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. எழுந்து நின்று குடத்தை நீட்டினாள். அவன் சட்டையைக் கழற்றினான். உள்ளே தயாராகக் கட்டியிருந்த மஞ்சள் வேட்டியைக் கால்சட்டைக்குள்ளிருந்து விடுவித்துக் கீழே இறக்கினான். துரை நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்.

அன்று காலை சிராங்கூன் ரோட்டில் இருந்தவர்கள் பல நாள் பேசிக்கொண்ட காட்சி அதுதான். ஒற்றை ஆள் தலையில் பால்குடத்தோடு வெறுங்காலில் தாரில் நடக்கிறான். அவன் பின்னால் நடை வேகத்தில் ஒரு கறுப்பு ஆஸ்டின் கார் ஊர்ந்துவருகிறது. முன்னிருக்கையில் வெள்ளைக்காரத் துரை, பின்னிருக்கையில் துரைசானி, பக்கத்தில் மங்களம். மாட்டு வண்டிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்திக் காரைத்தான் கும்பிட்டான்.

கோவில் வாசலில் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. நடுவில், வெற்றுடம்பில் வரி வரியாகத் திருநீறும் கழுத்தில் மாலையுமாக, கையில் பெயர்ப் பட்டியலோடு, தொப்பை குலுங்க "அரோகரா!" என்று முழங்கிக்கொண்டு நின்றவர் சேதுபதி. அவருடைய வயிறு எந்த நோயும் இல்லாமல் வெயிலில் மின்னியது.

"எவன்டா அவன்? சொன்னேன்ல, உள்ள விடமாட்டேன்னு…" அவர் கையை நீட்டி மறித்தார். அப்போதுதான் கார்க் கதவு திறந்தது.

"சேதுபதி?" என்றார் பெல்லமி துரை.

மேளம் தானாக நின்றது. சேதுபதியின் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. வாய் திறந்திருந்தது, அரோகரா வரவில்லை. துரை அவரது வயிற்றைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். பிறகு, கேள்வியெல்லாம் சேர்ந்த ஒரு முகத்தோடு மருதப்பன் பக்கம் திரும்பினார்.

மருதப்பன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெரிய கிராணி நாற்காலி காலி. ஆனால் அதே வார்த்தை, இந்தக் கோவில் எது, இந்தப் பால் யாருக்கு என்ற கேள்விகளையும் கூட்டிக்கொண்டு வரும். உள்ளே மணியடிக்கத் தொடங்கிவிட்டது. தலையில் பால் கனத்தது.

"பெரிய கிராணியும் பௌத்தர்தான் சார்" என்றான் மருதப்பன். "அடக்கமானவர். ரிஜிஸ்தரில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார். அதனால்தான் வயிற்று வலி என்று எழுதிவிட்டார்."

துரைசானி கைகூப்பினாள். துரை, "உண்மையா சேதுபதி?" என்றார்.

சேதுபதி சுற்றிலும் பார்த்தார். கமிட்டி உறுப்பினர்கள் நால்வர், நாயனக்காரர், மேளக்காரர், பால்குடம் இறக்கிய நாற்பது பேர். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது ஒன்றுதான் அவருக்கு அன்று கிடைத்த அருள்.

"ஆமாம் சார்" என்றார், அடிக்குரலில், இங்கிலீஷில்.

"அப்படியானால் இதுவும் பௌத்த வழிபாடுதான்?"

"முழுக்க முழுக்க, சார்."

"நீங்கள் இப்போது உரக்கச் சொன்னீர்களே, அரோ… அரோ…" துரைசானி சிறு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பென்சிலை எடுத்தாள். "அது என்ன மொழி?"

சேதுபதியின் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கித் திருநீற்றை அழித்துக்கொண்டே வந்தது.

"பாலி மொழி, மேடம்."

"நாளைக்கே ரிஜிஸ்தரைத் திருத்திவிடுவோம்" என்று துரை அவர் ஈரத் தோளில் தட்டினார். "இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை."

சேதுபதி மறித்திருந்த கையை இறக்கினார். மருதப்பன் அவரைக் கடந்து போகும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "நாளைக்கு ஆபீசுக்கு வாடா" என்றார். "வரேங்க ஐயா. நாம ரெண்டு பேரும்தான் இனிமே ஒரே கட்டம்" என்று சொல்லிக்கொண்டே மருதப்பன் உள்ளே நுழைந்தான்.

சன்னதியில் கடைசிக் குடம் இறங்கிக்கொண்டிருந்தது. பூசாரி அவன் குடத்தை வாங்கித் துணியை அவிழ்த்தார். "பேரு, நட்சத்திரம்?" மருதப்பன் வாயைத் திறந்தான். எந்த ஊரில், எந்த மதத்தில், எந்தப் பெயரில் நிற்கிறோம் என்று ஒரு கணம் அவனுக்கே தடுமாறிப் போனது. பின்னாலிருந்து மங்களம் சொன்னாள், தெளிவாக, அவன் பெயரையும் தன் பெயரையும் இரண்டு நட்சத்திரங்களையும்.

வெள்ளையாகப் பால் முருகனின் தலையிலிருந்து இறங்கி, தோள் வழியாக, வேல் வழியாகக் கோமுகியை நோக்கி ஓடியது. வாசல் பக்கம் சேதுபதி ஏதோ நீளமாக விளக்கிக்கொண்டிருப்பதும், துரைசானி ஆகா ஆகா என்பதும் கேட்டன. மங்களம் இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கண்ணை மூடாமல், நேராக முருகனைப் பார்த்துச் சொன்னாள்:

"பொய்யெல்லாம் இவங்களோடது சாமி. பால் என்னோடது."